கூடுதல் காசு எதற்குத் தகும்?

மலிவான வகையை விட்டுவிட்டு விலை கூடிய வகையை வாங்கும்போது, நாம் கொடுக்கும் பணம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு பொருளுக்குப் போகிறது. இன்னொரு பங்கு, மலிவானதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் போகிறது. செருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் கல்லும் முள்ளும் குத்தாமல் நடப்பது என்ற பெரிய பயன் மலிவான செருப்பிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது, அந்தச் செருப்பைவிட இந்தச் செருப்பு எவ்வளவு மேல் என்பது மட்டும்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் கணக்கு தப்புகிறது. "வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு தூக்கம், மெத்தைக்குச் செலவழிக்க யோசிக்கலாமா?" என்று விற்பனையாளர் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்போம். தூக்கம் முக்கியம்தான். ஆனால் நடுத்தர விலை மெத்தையிலும் நாம் தூங்கத்தான் போகிறோம். தூக்கத்தின் முழு மதிப்பையும் விலை கூடிய மெத்தையின் கணக்கில் எழுதுவது சரியல்ல. நடுத்தர மெத்தையில் படுத்தால் காலையில் இடுப்பு வலிக்கிறதா, விலை கூடியதில் அது குறைகிறதா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. உடல்நலம், பாதுகாப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று மறுக்க முடியாத பெயர்களைச் சொல்லி விற்கப்படும் எதிலும் இதையே கேட்கலாம்: அந்தப் பெரிய நன்மையில் எவ்வளவு பங்கு இந்தக் கூடுதல் காசால் வருகிறது?

பொருளியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். ஒரு பொருளை மேலும் மேலும் நுகர நுகர, கடைசியாகச் சேரும் அளவு தரும் பயன் குறைந்துகொண்டே போகும் என்று 1854-இல் ஹெர்மன் ஹைன்ரிச் கோசென் என்ற ஜெர்மானியர் எழுதினார். பாடப்புத்தகங்களில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு' என்ற பெயரில் இருப்பது இதுதான். அவர் சொன்னது அளவைப் பற்றி. தரத்திலும் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. அடிமட்ட விலையிலிருந்து ஒரு படி ஏறினால் தரம் வெகுவாக உயரும். அடுத்த படியில் ஓரளவு உயரும். உச்சியில் உள்ள இரண்டு படிகளுக்கு இடையில் விலை இரட்டிப்பாகலாம், தரம் கண்ணுக்குத் தெரியாத அளவே நகரும். அதனால் பல பொருள்களில், மிக மலிவானதற்கு அடுத்த படிதான் காசுக்கு மிகுதியாகத் திருப்பித் தருகிறது.

ஆனால் எல்லாப் பொருளும் இந்தப் பாதையில் போவதில்லை. சிலவற்றில் முதல் படிக்குப் பிறகு ஏற்றமே கிடையாது. வேறு சிலவற்றில் ஏற்றம் நெடுந்தூரம் தொடரும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே பாதி முடிவு எடுத்தாயிற்று.

வித்தியாசமே இல்லாத இடங்கள்

பாராசிட்டமால் 500 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால், விளம்பரத்தில் வரும் மாத்திரையிலும் பெயர் தெரியாத நிறுவனத்தின் மாத்திரையிலும் வலியைக் குறைக்கும் பொருள் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். முறையான அனுமதியோடு விற்கப்படும் வரை, கூடுதல் விலை பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

இதைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ப்ரோனென்பெர்க், டூபே, ஜென்ட்ஸ்கோ, ஷபீரோ என்ற நான்கு பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதல் விவரங்களை எடுத்து, விஷயம் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக்கு எதை வாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். தலைவலி மருந்துகளில் சராசரி மனிதர்கள் 26 சதவீத அளவுக்குப் பெயர்பெற்ற பிராண்டுகளை வாங்க, மருந்தாளுநர்களின் வீட்டில் அது 9 சதவீதம்தான். தொழில்முறைச் சமையல் கலைஞர்களும் உப்பு, சர்க்கரை போன்றவற்றில் மற்றவர்களைவிட அதிகமாகக் கடையின் சொந்தப் பிராண்டையே எடுத்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறிந்தவர்கள் எதற்குக் காசு கொடுக்க மறுக்கிறார்கள் என்பதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. தெரிந்த மெக்கானிக், தையல்காரர், தச்சர், செவிலியர் யாரிடமாவது "எது நல்லது?" என்று கேட்பதற்குப் பதில் "உங்கள் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் மாறும்.

தொலைக்காட்சியோடு கருவியை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளும் இப்படித்தான். அதில் போவது டிஜிட்டல் சமிக்ஞை. ஓரிரு மீட்டர் நீளத்தில், தேவையான வேகத்துக்குச் சான்று பெற்ற கேபிள் என்றால் படம் முழுமையாக வந்துசேரும். தங்க முலாம் பூசியதால் நிறங்கள் கூடுதலாக மின்னப்போவதில்லை. உயர் ஆக்டேன் பெட்ரோலும் அதே கதை. ஆக்டேன் எண் என்பது, எரிபொருள் அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அது தூய்மைக்கோ சக்திக்கோ போடும் மதிப்பெண் அல்ல. வண்டியின் கையேடு சாதாரண பெட்ரோல் போதும் என்றால், விலை கூடியதை ஊற்றி வண்டிக்கு நன்மை செய்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

படுக்கை விரிப்புகளில் இழை எண்ணிக்கை என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக எத்தனை நூல் ஓடுகிறது என்பதுதான் அது. ஓரளவு வரை எண் கூடினால் துணி மென்மையாகும். ஆனால் இரண்டு மூன்று புரிகளை முறுக்கி ஒரு நூலாக்கி, ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணினால் 400 என்பது சுலபமாக 800 ஆகிவிடும். துணி மாறுவதில்லை, எண் மட்டும் ஏறுகிறது. ஒரே ஓர் எண்ணை முன்னால் நிறுத்தி விற்கப்படும் எந்தப் பொருளிலும், அந்த எண்ணை ஏற்றுவது எளிதா, தரத்தை ஏற்றுவது எளிதா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

எத்தனை முறை தொடப்போகிறோம்

வித்தியாசம் உண்மையில் இருக்கிறது என்று வையுங்கள். அடுத்து, அதை எத்தனை முறை அனுபவிக்கப் போகிறோம்? கணக்கு எளிது. கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, பயன்படுத்தப்போகும் தடவைகளால் வகுக்க வேண்டும். தினமும் எடுக்கும் கத்திக்கு 500 கூடுதலாகக் கொடுத்து ஐந்து ஆண்டு வைத்திருந்தால், ஒரு நாளைக்கு ஆகும் கூடுதல் செலவு கால் பங்கு நாணயத்துக்குச் சற்றே மேல், சரியாகச் சொன்னால் 0.27. ஆண்டுக்கு இரண்டு முறை உடுத்தும் ஆடைக்கு அதே 500 கூடுதலாகக் கொடுத்தால், அதே ஐந்து ஆண்டில் ஒரு முறைக்கு 50. முதலாவதை வாங்கும்போது மனம் தயங்குகிறது, இரண்டாவதை வாங்கும்போது தயங்குவதில்லை. விசேஷம் என்றால் கை தாராளமாகிவிடுகிறது. அன்றாடம் என்றால் 'இது போதும்' என்கிறது. நம் நாள்கள் பெரும்பாலும் அன்றாடத்தால் ஆனவை என்பதால், இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் நல்லது என்று அழுத்தமாகச் சொல்வேன்.

வகுக்கும்போது தடவைகளுக்குப் பதில் மணிநேரங்களை எடுத்தால் படம் இன்னும் தெளிவாகும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நாற்காலி, நின்று வேலை செய்பவருக்குக் காலணி, நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவருக்கு மூக்குக்கண்ணாடி, எல்லாருக்கும் தலையணை. இவை உடம்போடு மணிக்கணக்கில் ஒட்டியிருப்பவை. இவற்றில் தரத்தின் ஏற்றமும் நெடுந்தூரம் தொடர்வதுண்டு. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: இங்கே விலையைவிடப் பொருத்தமே பெரியது. காலுக்கு இறுக்கமான விலை உயர்ந்த காலணி, சரியான அளவுள்ள மலிவுக் காலணியிடம் தோற்றுவிடும்.

இந்த வகுத்தல் கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. கீழே போடும் எண்ணை நாம்தான் ஊகிக்கிறோம், நமக்குச் சாதகமாகவே ஊகிக்கிறோம். தெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இருவர் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் எப்போதாவதுதான் வந்ததால், சராசரியாக ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. நாளைய தங்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவர்கள், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லும் வழி, எதிர்காலத்தை ஊகிக்காமல் கடந்த காலத்தைப் பார்ப்பது. நடைப்பயிற்சி போகப்போகிறேன் என்று விலை கூடிய ஷூ வாங்குவதற்கும், ஏற்கெனவே நடந்து நடந்து ஒரு ஷூவைத் தேய்த்துவிட்டு நல்லதாக வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வீட்டில் எது தேய்ந்திருக்கிறது, எதன் பிடி கழன்றிருக்கிறது, எதற்கு ரப்பர்பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அடுத்த கூடுதல் காசுக்குத் தகுதியான பொருள் அங்கேதான் இருக்கும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்பவர்களுக்கும் இதுதான் ஆலோசனை. முதல் இசைக்கருவி, முதல் கேமரா, முதல் தையல் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்வதாக இருந்தால் போதும். அது தன் எல்லையைக் காட்டி நம்மைத் தடுக்கத் தொடங்கும்போது, எந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கிறோம் என்று நமக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு மடங்கு விலையுள்ள பொருள் மூன்று மடங்கு காலம் உழைத்தால் அது கூடுதல் செலவே அல்ல, சேமிப்பு. ஆனால் அவ்வளவு காலம் அது நமக்குத் தேவைப்பட வேண்டும். வளரும் குழந்தையின் செருப்பு பத்து ஆண்டு உழைத்து யாருக்குப் பயன்? மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோகும் போனுக்கு அழியாத உலோக உடம்பு எதற்கு? நீடித்த உழைப்புக்காகக் காசு கொடுப்பதென்றால், பழுது பார்க்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். அடிப்பாகம் மாற்றக்கூடிய காலணி, பேட்டரி மாற்றக்கூடிய கருவி, உதிரிபாகம் கிடைக்கும் இயந்திரம் ஆகியவைதான் நிஜமாகவே நீண்டநாள் வருபவை.

பழகிப்போவதும் பழகாததும்

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு பொருள் தரும் மகிழ்ச்சி அப்படியே நிற்பதில்லை. வாங்கிய வாரத்தில் கண்ணை நிறைத்த பொருள், சில மாதங்களில் வீட்டின் சுவர்போல ஆகிவிடுகிறது. பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்பெல் என்ற உளவியலாளர்கள் 1971-இல் இதற்கு ஒரு படத்தைக் கொடுத்தார்கள். ட்ரெட்மில்லில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருப்பதுபோல, வசதிகள் கூடக் கூட மனநிறைவு திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எதற்குமே அதிகம் கொடுக்கத் தேவையில்லை' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது அவசரம். ஏனென்றால் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மாறாமல் நிலையாக இருப்பவற்றுக்குச் சீக்கிரம் பழகுகிறோம்: பெரிய வரவேற்பறை, பளபளக்கும் தரை, மேசையின் மரம். விட்டுவிட்டு வந்து குறுக்கிடுபவற்றுக்கு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நீல் வைன்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாகத் திறந்த நெடுஞ்சாலைக்கு அருகில் குடியிருந்தவர்களைப் பற்றியது. சாலை திறந்து நான்கு மாதத்திலும் பதினாறு மாதத்திலும் அவர்களிடம் பேசினார். ஓர் ஆண்டு கடந்தும் சத்தத்தின் மீதான எரிச்சல் தணியவில்லை. பழகிவிடும் என்ற நம்பிக்கைதான் குறைந்திருந்தது. வேலைக்குப் போய்வரும் நெடும் பயணமும் இப்படித்தான். ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பத் தரவுகளை வைத்து ஃப்ரே, ஸ்டுட்சர் என்ற இருவர் 2008-இல் காட்டியபடி, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை பற்றிய நிறைவு குறைகிறது. கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை.

இதை அன்றாடச் செலவுக்குக் கொண்டுவந்தால் ஒரு தெளிவான பாதை தெரிகிறது. இன்பத்தைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் காசைவிட, திரும்பத் திரும்ப வரும் தொல்லையை எடுப்பதற்குக் கொடுக்கும் காசு நீண்டநாள் வேலை செய்யும். பாதியில் சிக்கிக்கொள்ளும் ஜிப், இழுத்தால் திறக்காத இழுப்பறை, மழுங்கிய கத்தி, கட்டிலுக்கு எட்டாத சார்ஜர் வயர், படிக்கும் இடத்தில் போதாத வெளிச்சம், ஒவ்வொரு மழையிலும் மடங்கிப்போகும் குடை. இவை ஒவ்வொன்றும் சின்னது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக எரிச்சலூட்டும் வல்லமை இவற்றுக்கு இருக்கிறது, ஏனென்றால் நாம் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது வந்து குறுக்கே நிற்கின்றன.

இதில் மகிழ்ச்சியான செய்தி, தொல்லையை எடுக்க ஆகும் செலவு பெரும்பாலும் கொஞ்சம்தான். பல நேரங்களில் உயர்ந்த பொருளே தேவையில்லை, இரண்டாவதாக ஒன்று போதும். படிக்கும் கண்ணாடி ஒன்று படுக்கை அறையிலும் ஒன்று கூடத்திலும். கத்தரிக்கோல் இரண்டு. பையில் எப்போதும் கிடக்கும் தனி சார்ஜர். 'ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு' என்று சிக்கனமாக வளர்ந்தவர்களுக்கு இது வீண்செலவாகத் தோன்றும். தினமும் தேடும் நேரத்தையும், தேடும்போது வீட்டில் ஒருவருக்கொருவர் காட்டும் சிடுசிடுப்பையும் கணக்கில் சேர்த்தால் அப்படித் தோன்றாது.

ஒரு வாரம் ஒரு சின்னக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, 'சே!' என்று வாயில் வரும் ஒவ்வொரு இடத்தையும் எழுதிப் பாருங்கள். மறுபடி மறுபடி வரும் நான்கைந்து இடங்கள் தெரியும். உங்கள் ஆடம்பரச் செலவுகளுக்கான பட்டியல் அதுதான். விளம்பரம் உங்களுக்குத் தரும் பட்டியலோடு அது ஒத்துப்போகவே போகாது.

தொல்லைகளில் பெரியது நேரமின்மை. ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பிடிக்காத வேலைகளைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்பவர்கள் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். அதே ஆய்வில் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் ஒரே அளவு பணம் கொடுக்கப்பட்டது. ஒரு முறை பொருள் வாங்கவும், ஒரு முறை நேரத்தை மிச்சப்படுத்தவும் செலவழித்தார்கள். நேரம் வாங்கிய நாளில்தான் அவர்களுடைய மனநிலை மேலாக இருந்தது. ஆனால் கையில் பணம் வந்தால் எதற்குச் செலவழிப்பீர்கள் என்று வேறு சிலரிடம் கேட்டபோது, நேரம் வாங்குவேன் என்றவர்கள் 2 சதவீதம் மட்டுமே. நமக்கு எது உதவும் என்பது நம் நினைவுக்கே வருவதில்லை.

நேரம் வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பிடிக்காத வேலையைக் கொடுக்க வேண்டும், பிடித்த வேலையை அல்ல. துணி மடிப்பது உங்களுக்கு மன அமைதி தருகிறது என்றால் அதற்கு ஆள் வைப்பதில் பொருளில்லை. மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த ஒரு மணிநேரம் திரும்பவும் அலுவலக வேலைக்குள்ளேயே போய் விழுந்தால் வாங்கியது நேரமல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. வீட்டுப் பொருள்களில் பெரும்பாலும் வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். தரை துடைக்கும் கருவி, சமையல் கத்தி, பாத்திரம் தேய்க்கும் இடத்தின் குழாய், துணி உலர்த்தும் கொடி ஆகியவற்றின் தொல்லை முழுவதும் ஒருவர் கையில் விழுகிறது. 'இதுவே போதுமே' என்று முடிவெடுப்பவர் அந்தக் கை அல்ல. கூடுதல் காசு தகுமா என்ற கேள்வியைக் காசு வைத்திருப்பவரே தன் அனுபவத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால், பெரிய தொலைக்காட்சி எளிதில் தேறிவிடும், கூர்மையான கத்தி தேறாது. யாருடைய மணிக்கட்டு வலிக்கிறது, யார் குனிந்து நிமிர்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர் பயன்படுத்தும் பொருள்களுக்கும் இது பொருந்தும். ஒரு குடும்பம் செய்யக்கூடிய மிகச் சிறந்த கூடுதல் செலவுகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்பத்துக்கான செலவு

தொல்லையை நீக்குவது மட்டுமே செலவுக்குக் காரணமாகிவிட்டால் வாழ்க்கை வறண்டுபோகும். நல்ல காபி, வாசனைச் சோப்பு, மேசைக்குப் பூ, பிடித்த எழுத்தாளரின் புத்தகத்துக்குக் கெட்டி அட்டைப் பதிப்பு எல்லாம் வேண்டியவைதான். இவற்றின் எதிரி விலை அல்ல, பழக்கம். எனவே இவற்றில் இடைவெளி விடுவதுதான் உத்தி. க்வாட்பாக், டன் இருவரும் 2013-இல் செய்த சோதனையில், ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாமல் இருந்தவர்கள் அதன் பிறகு சாப்பிட்ட சாக்லேட்டை, வேண்டிய அளவு சாப்பிட்டு வந்தவர்களைவிட அதிகம் ரசித்தார்கள். தினமும் விலை கூடிய காபி குடித்து அதை உணராமல் போவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதைக் குடித்தால் செலவு குறையும், ருசி கூடும். தினமும் குடித்தும் ஒவ்வொரு வாயையும் உணர்ந்து குடிப்பவர் இருந்தால் அவருக்கு இந்த ஆலோசனை தேவையில்லை. அவர் காசு வீணாகவில்லை.

விலையே செய்யும் வேலை

விலை உயர்ந்தது என்று தெரிந்தாலே பொருள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். 2008-இல் ப்ளாஸ்மன், ஷிவ், ராங்கல் முதலியோர் மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே ஒயினைச் சுவைக்கக் கொடுத்தார்கள். ஒரே ஒயினுக்கு இரண்டு விலை சொல்லப்பட்டது, ஒன்று மற்றதைப்போல ஒன்பது மடங்கு. அதிக விலை சொன்னபோது பிடித்திருக்கிறது என்று சொன்னதோடு நிற்கவில்லை, இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படியே உணர்ந்தார்கள். இப்படி வரும் இன்பமும் இன்பம்தானே என்று கேட்டால், ஆம். ஆனால் அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது. தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி இருக்கிறது. மலிவானதையும் விலை கூடியதையும் அடையாளம் தெரியாத இரண்டு கோப்பைகளில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். தேநீர், காபி, ஷாம்பு, பேனா, இயர்போன் எதையும் இப்படிக் கண்ணை மூடிச் சோதிக்கலாம். நான்கைந்து முறை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வேறுபாடு பிடிபடவில்லை என்றால் முடிவு கையில் வந்துவிட்டது.

கடையில் மூன்று வகைகளை அடுக்கி வைப்பதற்கும் காரணம் உண்டு. யாரும் அதிகம் வாங்காத ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அதற்கு அருகில் இருப்பது நல்ல பேரமாகத் தெரியும். ஜோயல் ஹூபர் முதலியோர் இதை 1982-லேயே காட்டியிருக்கிறார்கள். நடுவில் இருப்பதை எடுப்பது நிதானம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த நடுவைத் தீர்மானித்தவர் விற்பவர்.

இன்னொரு பொறி, சதவீதம். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1981-இல் கேட்ட கேள்வி இது: 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் மிச்சம் பிடிக்க இருபது நிமிடம் தள்ளியிருக்கும் கடைக்குப் போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அதே 5 டாலரை 125 டாலர் பொருளில் மிச்சம் பிடிக்கப் போவோம் என்றவர்கள் 29 சதவீதம். மிச்சமாவது அதே 5 டாலர், நடப்பது அதே தூரம். பெரிய செலவோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் செலவுகள் நம் கண்ணிலிருந்து தப்பிப்பது இப்படித்தான். வண்டி வாங்கும்போது சேர்க்கும் அலங்காரங்கள், கணினி வாங்கும்போது சேர்க்கும் நீட்டிப்பு உத்தரவாதம் ஆகியவற்றைத் தனியாக ஒரு நாள் வாங்கப்போனால் இந்த விலை கொடுப்போமா என்று கேட்டால் பாதி விழுந்துவிடும்.

ஒரு பொருள் இன்னொன்றை இழுத்துவருவதும் உண்டு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1769-இல், புதிதாகக் கிடைத்த அழகான அங்கியின் முன்னால் தன் பழைய மேசையும் நாற்காலியும் சுவர்த்திரையும் மங்கித் தெரிந்ததையும், ஒவ்வொன்றாக மாற்றிக் கடைசியில் பழைய அங்கிக்காக ஏங்கியதையும் எழுதினார். புதிய சோபாவின் விலையைப் பார்க்கும்போது, அது கேட்கப்போகும் திரைச்சீலையின் விலையையும் சேர்த்தே பாருங்கள்.

காசு வரும் இடம்

கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஷேன் ஃப்ரெடரிக் முதலியோர் 2009-இல் செய்த ஆய்வில், ஒரு டிவிடியை வாங்குவதா வேண்டாமா என்று கேட்டபோது 75 சதவீதம் பேர் வாங்குவோம் என்றார்கள். 'வேண்டாம்' என்பதற்குப் பக்கத்தில் 'அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வேன்' என்று ஒரு வரி சேர்த்ததும் அது 55 ஆகக் குறைந்தது. எல்லாருக்கும் தெரிந்த உண்மைதான், நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த வரியை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளலாம், பெயரோடு: இந்தக் கூடுதல் தொகை இருந்தால் அந்த நல்ல தலையணை வந்துவிடும், அம்மாவின் கண்ணாடி மாறிவிடும்.

கடன் வாங்கியோ தவணை வட்டி கட்டியோ தரத்தை வாங்குவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. நீண்டநாள் உழைப்பதால் மிச்சமாகும் பணத்தை வட்டி தின்றுவிடும். கைமுதல் இல்லாதவர்கள் மலிவானதையே திரும்பத் திரும்ப வாங்கி மொத்தத்தில் அதிகம் கொடுக்க நேர்வது உண்மையான அநியாயம். அதற்குத் தனிமனிதர் கையில் முழுத் தீர்வு இல்லை. ஓரளவு உதவக்கூடியது, நல்ல நிலையில் உள்ள பழைய பொருள். உலோகம், மரம், கெட்டியான தோல் போன்றவற்றால் ஆனவை இரண்டாவது கையிலும் நெடுநாள் உழைக்கும்.

தலைக்கவசம், பிரேக், டயர், மின் இணைப்பு ஆகியவை இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்பவை. இவற்றில் தரச்சான்று இல்லாத எதையும் எந்த விலையிலும் வாங்கக் கூடாது. சான்று பெற்றவற்றுக்குள் மேலும் மேலும் விலை ஏறும்போது, பெரும்பாலும் கூடுவது எடைக் குறைவும் காற்றோட்டமும் தோற்றமும். அவற்றுக்குப் பழைய கேள்விகளையே கேட்கலாம்.

ஏற்கெனவே கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பவற்றை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொன்றாக ஒரு மாதத்துக்கு ஒரு படி இறங்கிப் பாருங்கள். விலை கூடிய சோப்புக்குப் பதில் சாதாரணமானது, பெரிய இணையத் திட்டத்துக்குப் பதில் சின்னது, எல்லாவற்றையும் வீட்டுக்கே வரவழைப்பதற்குப் பதில் வாரம் ஒரு முறை கடைக்குப் போவது. முதல் சில நாள் எதிலும் குறை தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நான்காவது வாரத்தில் இறங்கியதே மறந்துபோயிருந்தால் அங்கேயே இருந்துவிடலாம், மிச்சமாகும் பணத்தைக் குறிப்பேட்டில் எழுதிய தொல்லைகளில் ஒன்றுக்குத் திருப்பலாம். நான்காவது வாரத்திலும் தினமும் அதன் நினைவு வந்தால், பழைய இடத்துக்கே ஏறிவிடுங்கள்.